கல் அலமாரி காலியாகிறது

செப்டம்பர் 1, ஞாயிறு

காலையில் காஸ் வந்தது. சிலிண்டர் போட வந்தவர் புது ஆள். "வீட்ல வேற யாரும் இல்லீங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன்.

இந்த டைரி ஜனவரியில் நான் வேலை செய்யும் துண்டுக் கம்பெனியில் கொடுத்தது. ஜூன் இரண்டாம் வாரத்திலிருந்து வெள்ளையாகக் கிடக்கிறது. பையன் போனது அந்த வாரம்தான். ஓசூரில் வேலையில் இருந்தான். காய்ச்சல் என்று போன் வந்தது. மூளைக்கு ஏறிவிட்டது என்றார்கள். நாங்கள் போய்ச் சேர்ந்த மறுநாள் முடிந்துவிட்டது. அதை எழுதத் தோன்றவில்லை. காஸ் வந்த தேதி மறந்துவிடும் என்றுதான் இன்று டைரியை எடுத்தேன்.

என் வீட்டுக்காரர் இன்று கல் பொறுக்கப் போனார். ஜூனுக்குப் பிறகு இதுதான் முதல் தடவை. இங்கே கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறையில் ஃபோர்மேன் வேலை, ஞாயிறு ஒரு நாள்தான் லீவு. அந்த ஒரு நாளும் கல்யாணம் ஆன நாளாகக் கல்லுக்குத்தான். மழை பெய்தால் போதும், வெள்ளகோவில், காங்கேயம் பக்கத்துக் காடுகளில் போய்க் குனிந்துகொண்டு நடப்பார். ஹாலில் கண்ணாடி அலமாரி முழுக்க அவர் கொண்டு வந்தவைதான். செவ்வந்திக்கல், சந்திரகாந்தக்கல், அக்வாமரின், பேர் தெரியாத இன்னும் என்னென்னவோ. ஒன்றையும் விற்றதில்லை. எனக்கு அது தூசி துடைக்கிற வேலை, அவ்வளவுதான்.

பொழுதோட வந்தார். ஒன்றும் கொண்டு வரவில்லை. பருப்பு வைத்திருந்தேன்.

செப்டம்பர் 4, புதன்

ஏற்றுமதிக்குப் போகும் துண்டுகளில் ஒரு பெட்டி முழுக்க ஓரத் தையல் கோணல். திருப்பி அனுப்பினேன். எனக்குக் கீழே செக்கிங்கில் இருக்கும் பெண்கள் என் முன்னால் சத்தம் போட்டுச் சிரிப்பதில்லை. சிரித்தால் எனக்கு ஒன்றும் இல்லை. சொன்னால் அதுவும் தப்பாகப் போய்விடும்.

செப்டம்பர் 8, ஞாயிறு

நானும் கல்லுக்குப் போனேன்.

காரணம் ஒன்றுமில்லை. அவர் கிளம்பிய பிறகு வீட்டில் ஃபிரிட்ஜ் சத்தம் மட்டும் கேட்கும். போன ஞாயிறு முழுக்க அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அதனால் "நானும் வரட்டுங்களா?" என்று கேட்டேன். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "வெயிலா இருக்கும்" என்றார். வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஹபிபுல்லா அண்ணனின் ஆம்னி வேனில் போனோம். அண்ணன் மொபட் ஸ்பேர்பார்ட்ஸ் கடை வைத்திருக்கிறார். அவருக்கும் கல் பைத்தியம்தான். இவரை மாப்பிள்ளை என்றும் என்னைத் தங்கச்சி என்றும் கூப்பிடுவார். ஜூனில் ஓசூர் ஆஸ்பத்திரிக்கு முதலில் வந்து நின்றவர் அவர்தான்.

வெள்ளகோவில் தாண்டி ஒரு சோளக்காடு. உழுது போட்டிருந்தார்கள். முந்தின நாள் மழை. காட்டுக்காரரிடம் கேட்டுவிட்டு இறங்கினோம்.

"தங்கச்சி, சூரியனப் பாத்தாப்புல நடக்கோணும். முதுகு காட்டி நடந்தா ஒண்ணும் தெரியாது. கல்லத் தேடாதே. மண்ணு மேல கண்ண ஓட்டிட்டே போ. எதுனா பளிச்சுன்னா குனி" என்றார் அண்ணன்.

நடந்தேன். பளிச்சென்று தெரிந்ததெல்லாம் வெங்கச்சாங்கல், ஒன்றுக்கும் ஆகாத வெள்ளைக் கல். பாட்டில் மூடித் துண்டு ஒன்று. ஒரு மணி நேரம் போனதே தெரியவில்லை. தலைக்குள் ஒன்றும் ஓடவில்லை, மண் மட்டும்தான் இருந்தது. அது பரவாயில்லை.

இவர் எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தார். குனியவில்லை. தலையை நிமிர்த்திக் கொண்டு, நேரே, வேறு எங்கோ போகிறவர் மாதிரி நடந்தார். காட்டின் கடைசி வரைக்கும் போய் வேலியோரம் நின்றார். கூப்பிட்டுத்தான் திரும்பினார்.

புளிசோறு கட்டிக்கொண்டு போயிருந்தேன். அண்ணன் மட்டும் இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டார்.

செப்டம்பர் 14, சனி

பக்கத்து வீட்டுப் பிள்ளை மதுமிதாவுக்கு இவர் செவ்வந்திக்கல்லைக் கொடுத்துவிட்டார். கைப்பிடி அளவு இருக்கும், நல்ல கத்தரிப்பூ நிறம். அவள் அம்மா கூப்பிட்டு, "உங்க வீட்டு அண்ணன் நெசமாத்தான் குடுத்தாருங்களா, இல்ல இவளே எடுத்துட்டு வந்துட்டாளா?" என்று கேட்டாள். கொடுத்ததுதான் என்றேன்.

இன்னும் சிலதும் போயிருக்கிறது, மேல் தட்டில் பாதி காலி. துடைக்க வசதி.

செப்டம்பர் 20, வெள்ளி

இன்று லீவு போட்டிருந்தார். நான் வேலை முடிந்து வந்தபோது வாசலில் மோட்டார் சுவிட்சைக் கழற்றிப் புதிதாக மாட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கூப்பிட்டு எப்படிப் போடுவது, எப்படி நிறுத்துவது, தண்ணீர் ஏறவில்லை என்றால் எந்த மூடியைத் திறந்து தண்ணீர் ஊற்ற வேண்டும் என்றெல்லாம் காட்டினார். ஃபியூஸ் போனால் என்ன செய்வது என்றும் காட்டினார். என்னையே ஒரு தடவை செய்யச் சொன்னார். செய்தேன்.

காஸ் இணைப்பையும் என் பேருக்கு மாற்றிவிட்டார். மாடியில் ஒழுகினால் யாரைக் கூப்பிடுவது என்று என் போனில் நம்பர் போட்டுக் கொடுத்தார்.

முன்பெல்லாம் இதைச் சொல்லிக்கொடுங்கள் என்று கேட்டால் நேரமில்லை என்பார். இப்போது அவருக்கு நேரம் இருக்கிறது.

செப்டம்பர் 22, ஞாயிறு

சந்திரகாந்தக்கல் ஒன்று எனக்குக் கிடைத்தது. கிணறு வெட்டி மண் கொட்டி வைத்திருந்த மேட்டில். புளியங்கொட்டை அளவு. எச்சில் தொட்டுத் திருப்பினால் உள்ளே வெள்ளையாக ஒரு வெளிச்சம் ஓடியது. ஹபிபுல்லா அண்ணன் கையைத் தட்டினார். "பாத்தியா மாப்ள, ரெண்டாவது நாள்லயே!"

இவரிடம் கொடுத்தேன். பார்த்தார். "நல்ல கல்லு. நீயே வெச்சுக்க" என்று திருப்பிக் கொடுத்தார். முன்பு இப்படி ஒன்று கிடைத்தால் மூன்று நாளைக்குச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு, சாப்பிடும்போதுகூட எடுத்து எடுத்துப் பார்ப்பார்.

வேனில் ஏறும்போது அண்ணன் இவருடைய பையைத் தூக்கி ஆட்டினார். "என்ன மாப்ள, மூணு வாரமா பை காலியாவே வருது?"

"கண்ணு முன்ன மாதிரி இல்ல மாமா."

"அப்ப கண் டாக்டரப் பாக்கலாம், வா."

"பாக்கலாம்" என்றார்.

பார்க்கப் போகவில்லை.

அக்டோபர் 2, புதன்

மகாளய அமாவாசை. வடை சுட்டு இலை போட்டேன். பையன் கல்யாணம் ஆகாமல் போனவன், அவனுக்கு இதெல்லாம் செய்யலாமா என்று அக்காவிடம் போன் போட்டுக் கேட்டேன். அவளுக்கும் தெரியவில்லை. "நீ அழுதியா துளசி?" என்றாள். மிக்ஸியை நிறுத்த வேண்டும் என்று சொல்லி வைத்துவிட்டேன். மிக்ஸி ஓடவில்லை.

காக்கை வந்தது. அவர் இலையில் உட்கார்ந்தார். பாயசத்தை மட்டும் தொட்டுவிட்டு எழுந்துவிட்டார். வடை நிறைய மிஞ்சிவிட்டது. கம்பெனிப் பெண்களுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அக்டோபர் 5, சனி

நடுத்தட்டும் காலி. பட்டறையில் வேலை செய்கிறவர்கள் ஆளுக்கொன்று வாங்கிக்கொண்டு போனார்களாம்.

அக்டோபர் 8, செவ்வாய்

மதியம் சாப்பாட்டு நேரத்தில் செக்யூரிட்டி வந்து, கேட்டில் யாரோ தேடுகிறார்கள் என்றார். போனேன். ஹபிபுல்லா அண்ணன் வெயிலில் நின்றிருந்தார். கையில் துண்டில் சுற்றிய ஏதோ ஒன்று. அண்ணன் கம்பெனிக்கெல்லாம் வந்தது இல்லை.

"தங்கச்சி, மாப்ள காலைல கடைக்கு வந்து இதக் குடுத்துட்டுப் போயிட்டான்" என்று துண்டை விலக்கினார்.

பெரிய அக்வாமரின். ஆறு பட்டையாக, விரல் நீளத்துக்கு, குளத்துத் தண்ணீர் நிறத்தில் இருக்கும். பையன் நாலாம் வகுப்பு படித்தபோது கிடைத்தது. அதை யார் தொட்டாலும் இவருக்குப் பிடிக்காது. ஒரு வியாபாரி மூன்று தடவை வீட்டுக்கு வந்து கேட்டுப் பார்த்து, காப்பி குடித்துவிட்டுப் போனார்.

"இதுக்காக நான் எத்தன நாளு அவங்கிட்ட சண்ட போட்டிருக்கேன் தெரியுமா? ஒரு நாளு வீட்டுக்குக் கொண்டுபோய் வெச்சுப் பாத்துட்டுத் தாரேன்னு கேட்டேன். தர மாட்டேன்னுட்டான். இன்னிக்கு அவனே வந்து, வெச்சுக்கங்க மாமா, எனக்கு வேண்டாம்ங்கறான்."

"எடம் அடைக்குதுன்னு குடுத்திருப்பாருங்கண்ணா" என்றேன்.

அண்ணன் என்னையே பார்த்தார். அவர் கண் கலங்கியிருந்தது, வெயிலாகவும் இருக்கலாம்.

"அலமாரில இப்ப எத்தன இருக்குது தங்கச்சி?"

"கீழ்த்தட்டுல கொஞ்சம் இருக்குதுங்க."

"வீட்ல சரியாப் பேசறானா?"

"முன்னைக்கு இப்ப நல்லாத்தான் இருக்காருங்க. கோவமே வர்றதில்ல. எல்லாம் சொல்லிக் குடுக்கறாரு. மோட்டாரு, ஃபியூசு எல்லாம்."

அண்ணன் கல்லை மறுபடியும் துண்டில் சுற்றி என் கையில் வைத்தார். "இத நான் வெச்சுக்க முடியாது. உங்கிட்டயே இருக்கட்டும். அவனத் தனியா எங்கயும் விடாத. கேட்டியா? எந்த நேரமா இருந்தாலும் எனக்குப் போன் பண்ணு."

சரி என்றேன். மதியத்துக்கு மேல் ஒரே துண்டை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தேனாம். ஒரு பெண் வந்து, "அக்கா, அதுல டேமேஜ் இல்லீங்கக்கா" என்று வாங்கி வைத்தாள்.

கல்லை அரிசி டிரம்மில் போட்டு வைத்திருக்கிறேன். அண்ணன் எதற்கு அப்படிச் சொன்னார் என்று நான் யோசிக்கவில்லை.

அக்டோபர் 9, புதன்

இட்லி. தக்காளிச் சட்னி.

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. பட்டறையில் பெரிதாகச் செய்வார்கள், புதுப் பஸ்ஸுக்கெல்லாம் மாலை போட்டு. போய்விட்டுச் சீக்கிரமே வந்துவிட்டார். தன்னுடைய ஸ்பேனர் செட்டைப் பட்டறையில் கூட வேலை செய்யும் சண்முகத்திடம் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். பிறகு நீங்கள் எதை வைத்து வேலை செய்வீர்கள் என்று கேட்க வாய் வந்தது. பொரியை டப்பாவில் போட்டு மூடினேன்.

நாளன்றைக்கு ஒரு பழைய குழிக்குப் போகலாம் என்று இருக்கிறார். ஹபிபுல்லா அண்ணன் வரமாட்டார், திருச்சியில் அவர் அக்கா பேத்திக்கு நிக்காஹ். "நீ வேண்டாம். ரொம்ப தூரம் நடக்கோணும்" என்றார்.

வருகிறேன் என்றேன்.

அக்டோபர் 13, ஞாயிறு

எழுதிவிட வேண்டும். நாளைக்கு எழுத முடியுமா தெரியவில்லை.

பைக்கில் போனோம். மெயின் ரோட்டை விட்டு மண் தடத்தில் திரும்பி, தடமும் முடிந்துபோய், ஒரு வேம்பு நின்ற இடத்தில் வண்டியை நிறுத்தினார். யாரோ ஒரு காலத்தில் அக்வாமரின் எடுப்பதற்காக வெட்டிய குழி அந்தப் பக்கம் இருக்கிறதாம். கல் தீர்ந்ததும் அப்படியே விட்டுவிட்டார்கள். சுற்றிலும் வேலிக்காத்தான் முள் முளைத்து மூடிக் கிடக்கிறது.

"நீ இங்க நெழல்ல உக்காரு. நான் சித்த பாத்துட்டு வந்தர்றேன்" என்றார்.

உட்கார்ந்தேன். வாட்சைக் கழற்றிக் கொடுத்தார். போனைக் கொடுத்தார். வண்டிச் சாவியையும் கொடுத்தார். ஈரத்தில் விழுந்துவிடும் என்றார். வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். என் செருப்பில் மண் அப்பியிருந்ததால் கழற்றித் தட்டிப் பக்கத்தில் வைத்தேன். அவர் போவதைப் பார்த்தேன். அந்தச் சோளக்காட்டில் நடந்த மாதிரியே தலை நிமிர்ந்து போனார்.

கொஞ்ச நேரம் அப்படியே இருந்தேன். பிறகு பக்கத்தில் பார்த்தபோது அவருடைய பை கிடந்தது. சுத்தி, சல்லடை, தண்ணீர் பாட்டில் எல்லாம் அதற்குள்ளேதான் இருந்தது.

அப்போதுதான் கண்டுபிடித்தேன் என்று சொல்ல முடியாது. எனக்குத் தெரிந்தேதான் இருந்திருக்கிறது. மோட்டார் சுவிட்ச் மாட்டிய அன்றைக்கே தெரிந்திருக்க வேண்டும். அண்ணன் கேட்டில் வந்து நின்றபோது கண்டிப்பாகத் தெரியும். தெரிந்ததை எடுத்துப் பார்க்க எனக்குக் கை வரவில்லை. வந்தால் வரட்டும் என்று இருந்துவிட்டேனோ என்னவோ.

எழுந்து ஓடினேன். செருப்புப் போடவில்லை. முள்ளுக்குள் புகுந்து போனேன்.

குழி பெரியது. பாதிக்கு மேல் தண்ணீர், பச்சையாக. அவர் அந்தக் கரையில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். கால் கீழே தொங்கிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் எழ முயன்றார்.

"எந்திரிக்காதீங்க" என்றேன். "அப்படியே உக்காருங்க."

சுற்றிக்கொண்டு போய் அவருக்குப் பின்னால் நின்று சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டேன். பையன் நடை பழகும்போது இப்படித்தான் பிடித்துக்கொண்டு திரிவேன்.

"கல்லு பாக்கத்தான் வந்தேன் துளசி."

"பை அங்க கெடக்குது."

அவர் தண்ணீர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"காஸை எம்பேருக்கு மாத்துனீங்க. ஸ்பேனரச் சண்முகத்துக்குக் குடுத்தீங்க. கல்லெல்லாம் ஊருக்குக் குடுத்தீங்க. என்னைய யாருக்குக் குடுத்தீங்க?"

நான் கத்தவில்லை. சாப்பிட வாங்க என்று சொல்கிற குரலில்தான் கேட்டேன். அந்தக் குரலைத் தவிர வேறு குரல் என்னிடம் இல்லை.

தண்ணீரைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"எனக்கு ஒண்ணுமே தெரிய மாட்டேங்குது துளசி. சோத்த வாயில வெச்சா மண்ணாட்டம் இருக்குது. பட்டறைல கைல வெல்டிங் பொறி பட்டுச்சு, சுடல. அவன நெனச்சுப் பாக்கறேன். நெனப்பு வருது, அழுகை வரல. என்ன மனுசன்டா நீன்னு இருக்குது. நீ எப்படியோ தேறிக்கிட்டே. வேலைக்குப் போறே, டைரி எழுதறே, எங்கூடக் கல்லுக்கு வர்றே. ஒனக்கு நான் பாரமா இருக்கக் கூடாதுன்னுதான்..."

"நான் தேறிட்டன்னு யாரு சொன்னது?"

திரும்பிப் பார்த்தார்.

"எனக்கும் அதேதானுங்க. ஒண்ணுமே தெரியறதில்ல. நீங்க கல்லுக்குப் போறீங்க, அதனால நல்லா இருக்கீங்கன்னு நான் நெனச்சிட்டிருந்தேன்."

இவ்வளவுதான் பேசினோம். ஒரே வீட்டில் இருந்துகொண்டு இந்த ஒரு பேச்சைப் பேசாமல் இத்தனை மாதம் ஓட்டியிருக்கிறோம்.

காலைக் கரைமேல் எடுத்து வைக்கச் சொன்னேன். வைத்தார். பின்னால் நகரச் சொன்னேன். நகர்ந்தார். காலரை விடவில்லை. சட்டையில் ஒரு பொத்தான் தெறித்து உருண்டு தண்ணீருக்குள் போய்விட்டது.

"ரத்தம் வருது" என்றார் என் காலைப் பார்த்து. பெரிய முள், உள்ளங்காலில் உடைந்து நின்றிருந்தது. நடந்து வந்தபோது தெரியவில்லை. அவர் மண்ணில் உட்கார்ந்து என் காலைத் தன் மடியில் வைத்துக்கொண்டார். நகத்தால் கிள்ளிக் கிள்ளி இழுத்தார்.

"வலிக்குதா?"

"வலிக்குது. மெதுவா எடுங்க."

வேம்பு வரைக்கும் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு நொண்டினேன். அங்கே வந்ததும் அவருக்கு முன்னாலேயே ஹபிபுல்லா அண்ணனுக்குப் போன் போட்டேன். பின்னால் கல்யாண வீட்டுச் சத்தம் கேட்டது. விஷயத்தைச் சொன்னேன். "அங்கயே ரோட்டோரமா டீக்கடை எதுலயாவது உக்காருங்க. அவனப் பைக் ஓட்ட விடாத. நான் வர்றேன்" என்றார். இவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வர, மெயின் ரோட்டு டீக்கடை வரைக்கும் நடந்தோம். அண்ணன் வந்தார். நிக்காஹுக்குப் போட்ட வெள்ளைச் சட்டையோடு, திருச்சியிலிருந்து நேராக வந்தார். இவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கட்டிப் பிடித்துக்கொண்டு அவர்தான் அழுதார். நாங்கள் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம்.

அக்டோபர் 15, செவ்வாய்

மனநல டாக்டரிடம் போனோம். அண்ணன்தான் விசாரித்துக் கூட்டிக்கொண்டு போனார். டாக்டர் ஒரு அம்மா, என் வயதுதான் இருக்கும். இவரிடம் ரொம்ப நேரம் தனியாகப் பேசினார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"இவர எப்படிப் பாத்துக்கணும்னு சொல்லுங்க டாக்டர்" என்றேன்.

"சொல்றேன். நீங்க எப்படி இருக்கீங்க?"

"எனக்கு ஒண்ணும் இல்லீங்க."

"கடைசியா எப்ப அழுதீங்க?"

நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன். அந்த அம்மா அவசரப்படவில்லை.

"அழுவலீங்க" என்றேன்.

இரண்டு பேருக்கும் சீட்டு எழுதினார். இரண்டு பேரும் வாரா வாரம் வர வேண்டும் என்றார். மாத்திரை என் பொறுப்பு. இவர் தனியாக இருக்கக் கூடாது. நானும்தான் என்றார்.

அக்டோபர் 20, ஞாயிறு

யாரும் கல்லுக்குப் போகவில்லை. அண்ணன் காலையிலேயே வந்து உட்கார்ந்துகொண்டார். டிவியில் கிரிக்கெட். யாரும் பார்க்கவில்லை. அக்கா ஊரிலிருந்து வந்திருக்கிறாள். தீபாவளி வரைக்கும் இருப்பாளாம். சமையலறையை அவள் எடுத்துக்கொண்டாள். எல்லாவற்றுக்கும் தேங்காய் அரைக்கிறாள்.

அக்டோபர் 24, வியாழன்

மாத்திரையால் தூக்கம் வருகிறது. பகலிலும் வருகிறது. கம்பெனியில் சொல்லிவிட்டேன், அரை நாள் வந்தால் போதும் என்றார்கள்.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. நமக்கு இல்லை. தெருவெல்லாம் வெடி. இவர் காதைப் பொத்திக்கொண்டு கட்டிலில் படுத்திருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். இன்றைக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டேன். டாக்டரம்மா தினமும் கேட்கச் சொல்லியிருக்கிறார். "அன்னிக்காட்டம் இல்ல. ஆனா நல்லாவும் இல்ல" என்றார். நீ எப்படி என்று கேட்டார். அப்படியேதான் என்றேன். பொய் சொல்லக் கூடாது என்பது ஒப்பந்தம்.

நவம்பர் 6, புதன்

அக்கா ஊருக்குப் போய்விட்டாள். சாயந்திரம் சண்முகம் வந்து ஸ்பேனர் செட்டைத் தயக்கத்தோடு நீட்டினான். இவர் வாங்கிக்கொண்டார். நாளையிலிருந்து பட்டறைக்குப் போகிறார், அண்ணன் கொண்டுபோய் விடுவார்.

நவம்பர் 17, ஞாயிறு

நேற்று நல்ல மழை. காலையில் இவரே, "போலாமா?" என்றார். டாக்டரம்மாவிடம் போன வாரமே கேட்டிருந்தோம். குழிப் பக்கம் வேண்டாம், ஆள் இருக்கிற இடமாகப் போங்கள், தனியாகப் போகாதீர்கள் என்றிருந்தார். அண்ணனுக்குக் கடையில் சரக்கு இறங்குகிற நாள். நாங்கள் இரண்டு பேரும் பைக்கில் போனோம். போய்ச் சேர்ந்ததும் அண்ணனுக்குப் போன் பண்ணிச் சொன்னேன்.

தென்னிலை தாண்டி, ரோட்டை ஒட்டியே ஒரு முருங்கைக்காடு. வீடும் அங்கேயே இருக்கிறது. காட்டுக்கார அம்மா கட்டுத்தறியில் எருமைக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தார். கல் பொறுக்கலாமா என்று கேட்டதற்கு, "கல்லையெல்லாம் பொறுக்கிட்டுப் போனீங்கன்னா எனக்குப் புண்ணியமாப் போகுமுங்க" என்று சிரித்தார்.

முருங்கை வரிசைக்கு நடுவில் ஆளுக்கொரு பக்கம் நடந்தோம். இவர் குனிந்துதான் நடந்தார். இரண்டு தடவை உட்கார்ந்து மண்ணைக் கிளறினார். ஒன்றும் இல்லை. எனக்கும் ஒன்றும் கிடைக்கவில்லை. வெயில் ஏறியதும் அந்த அம்மா கூப்பிட்டு, வாசலில் கட்டில் போட்டு, பெரிய டம்ளரில் மோர் கொடுத்தார்.

எங்கிருந்து வருகிறீர்கள், என்ன வேலை என்றெல்லாம் கேட்டார். பிறகு, எல்லாரும் கேட்பதுதான், "கொழந்தைக எத்தனைங்க?" என்றார்.

இவர் டம்ளரைக் கீழே வைத்தார். நான் வேறு எதையாவது சொல்லலாம் என்று பார்த்தேன். ஜூனிலிருந்து யாராவது அந்தப் பக்கம் பேச்சை எடுத்தால் பேச்சை மாற்ற எனக்குப் பழக்கமாகிவிட்டது. இன்றைக்கு ஒன்றும் வாயில் வரவில்லை.

"ஒரு பையனுங்க" என்றேன். "தரணிதரன்னு பேரு. ஜூன் மாசம் காய்ச்சல் வந்து தவறிட்டானுங்க."

இந்தப் பேரை நான் சொல்லி எத்தனை நாள் ஆயிற்று. இந்த டைரியிலும் இப்போதுதான் எழுதுகிறேன்.

அந்த அம்மா ஐயோ என்று சொல்லவில்லை. வயதைக் கேட்கவில்லை. எங்களுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். "தரணிதரன்" என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். "நல்ல பேரா இருக்குதுங்க. யாரு வெச்சதுங்க?"

"நாந்தானுங்க" என்றார் இவர்.

பிறகு அவர் பேச ஆரம்பித்தார். அவருடைய அப்பா குலசாமி பேரைத்தான் வைக்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றது, இவர் மாட்டேன் என்றது, மூன்று நாள் வீட்டில் யாரும் யாருடனும் பேசாதது, கடைசியில் அப்பாவே வந்து குழந்தை காதில் தரணிதரா என்று சொல்லிவிட்டு, "என்னடா பேரு இது, கூப்பிடறதுக்குள்ள பொழுது போயிரும்" என்றது. நாலாம் வகுப்பில் பையன் தன் பேரைத் தப்பாக எழுதி அடி வாங்கியது. ஓசூரில் கூட வேலை செய்கிறவர்கள் அவனைத் தரணி சார் என்று கூப்பிடுகிறார்கள் என்று போனில் சொல்லிச் சிரித்தது. "சாராம், இவன் சாராம்!" என்று இவர் சொன்னபோது குரல் உடைந்துவிட்டது. முகத்தைத் துடைத்துக்கொண்டு மேலே பேசினார். நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். நடுவில் ஒரு இடத்தில், "நாலாங் கிளாஸ் இல்லீங்க, மூணாங் கிளாஸ்" என்று திருத்தினேன். "ஆமா, மூணு" என்றார்.

கிளம்பும்போது அந்த அம்மா ஒரு கட்டு முருங்கைக்காய் கொடுத்தார்.

ரோட்டுக்கு வந்து கொஞ்ச தூரம் போன பிறகு எனக்கு அழுகை வந்தது. எந்த இடம் என்று தெரியவில்லை. முருங்கைக்காய்க் கட்டை மடியில் வைத்துக்கொண்டு அவர் முதுகில் முகத்தை வைத்து அழுதேன். சத்தம் காற்றில் போய்விட்டது என்று நினைத்தேன். அவருக்குக் கேட்டிருக்கிறது. வண்டியை மெதுவாக்கி, "நிறுத்தட்டுமா துளசி?" என்றார்.

"வேண்டாம். போயிட்டே இருங்க" என்றேன்.

கரூர் வரைக்கும் நிறுத்தவில்லை. வீட்டுக்கு வந்து பார்த்தால் அவர் சட்டையின் முதுகுப் பக்கம் முழுக்க நனைந்திருந்தது. துவைக்கப் போடவில்லை. அப்படியே காயட்டும் என்று கொடியில் போட்டிருக்கிறேன்.